ஆள் குறைகிறது, கட்டடம் கூடுகிறது: மலை நகரங்களின் முழுமைத் திட்டம் குறித்து வாசகர் கேள்விகள்

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்துள்ள கடிதங்களில், நகரத் திட்டமிடலையும் நில உபயோகத்தையும் பற்றியவற்றுக்கு மட்டும் இம்முறை பதில் தரப்படுகிறது. முழுமைத் திட்டம் என்பது ஊரில் எந்த நிலம் எதற்கு என்று வரையறுக்கும் 'மாஸ்டர் பிளான்'. பதில் எழுதுபவர் நகர் ஊரமைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றுக் குன்னூரில் வசித்து வருபவர்.

கேள்வி: உதகையில் மக்கள்தொகை குறைந்துவிட்டது என்று கணக்கெடுப்பே சொல்கிறது. பிறகு எதற்காக இருபது ஆண்டு வளர்ச்சியை மனத்தில் வைத்து முழுமைத் திட்டம் தயாரிக்க வேண்டும்? குறைகிற ஊருக்கு வளர்ச்சித் திட்டம் எதற்கு, ஐயா?
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், உதகமண்டலம்

நீங்கள் சொல்லும் கணக்கு சரியானது. 2001இல் உதகமண்டலம் நகராட்சியில் 93,987 பேர் இருந்தனர். 2011இல் அது 88,430 ஆகக் குறைந்தது. குன்னூரில் 50,196 பேர் இருந்தது 45,494 ஆயிற்று. நீலகிரி மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 7,62,141 என்பது 7,35,394 ஆனது. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த மாவட்டம் நீலகிரி ஒன்றுதான். பசுந்தேயிலை விலை வீழ்ந்து சிறு விவசாயிகளின் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கியதும், உதகையில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நலிந்ததும் இதன் பின்னணியில் இருந்தன என்பதை உங்கள் வயதொத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் அதே பத்தாண்டில் உதகையில் எழும்பிய கூரைகளை எண்ணிப் பாருங்கள். ஆள் குறைந்தது, கட்டடம் குறையவில்லை. காரணம், நம் மலையில் நிலத்தைத் தின்பவர்களில் பெரும் பகுதியினர் நம் மலையின் கணக்கில் வருவதே இல்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது; சீசன் தொடங்காத மாதம் அது. அன்றியும், வழக்கமாக எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் ஒருவர் எண்ணப்படுகிறார். சென்னையிலோ பெங்களூரிலோ வாழ்ந்துகொண்டு, ஆண்டில் பதினைந்து நாள் வந்து தங்குவதற்காக இங்கே மூன்று படுக்கையறை வீடு கட்டியவர் அங்கே ஓர் ஆளாகவும் இங்கே ஒரு பூட்டிய வீடாகவும் பதிவாகிறார். அவருடைய வீட்டுக்கு வெட்டிய சரிவு, போட்ட பாதை, இழுத்த குழாய் ஆகியவை மட்டும் நம்முடையவை.

நகரத் திட்டத்தில் மக்கள்தொகையை முன்கணிக்கும் பழைய வழி எளிமையானது. கோடைக்கானலில் 2001இல் 32,931 பேர், 2011இல் 36,501 பேர். பத்தாண்டுக் கூடுதல் 3,570. அதே எண்ணிக்கையை மீண்டும் கூட்டினால் 2021க்கு 40,071 வரும். அதே விகிதத்தில் பெருக்கினால் சுமார் 40,460 வரும். அந்தத் தலைகளைக் குடும்பங்களாகவும், குடும்பங்களை வீடுகளாகவும், வீடுகளை ஏக்கர்களாகவும் மாற்றி, அத்தனை ஏக்கருக்கு வரைபடத்தில் குடியிருப்புக்கான மஞ்சள் நிறத்தை நீட்டுவார்கள். சமவெளியில் இந்தக் கணக்கு ஏறத்தாழ வேலை செய்யும். உதகையில் இதை அப்படியே போட்டால் இனிமேல் வீடே வேண்டாம் என்று விடை வரும். அந்த விடையை யாரும் நம்பப் போவதில்லை, ஆகவே கோப்பில் வேறொரு எண்ணைத் தேடுவார்கள். நான் பணியில் இருந்த காலத்தில் இந்த வேறொரு எண்ணைத் தேடும் பணியைப் பலமுறை பார்த்திருக்கிறேன்; அது அறிவியலைக் காட்டிலும் சமரசத்துக்கே நெருக்கமானது.

என் கருத்தில் மலை நகரத்தின் திட்டம் தலைக்கணக்கில் தொடங்கக் கூடாது. தண்ணீரில் தொடங்க வேண்டும். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நாட்டில் பின்பற்றப்படும் அளவுகோல். 88,430 பேருக்கு அது ஏறத்தாழ 1.19 கோடி லிட்டர். விடுதியில் ஒரு படுக்கைக்கு 180 லிட்டர் என்று கொள்வது வழக்கம். மே மாதத்தின் ஓர் இரவில் உதகையில் 20,000 பேர் தங்குவதாக வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்ணே தவிர அளந்த எண் அல்ல. அவர்களுக்கு மட்டும் 36 லட்சம் லிட்டர் வேண்டும், அதாவது ஊர்க்காரர்களின் தேவையில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு. இத்தனையும் பார்சன்ஸ் வேலி அணையும் மார்லிமந்து போன்ற பழைய சிறு நீர்த்தேக்கங்களும் தாழ்ந்து கிடக்கும் கோடை மாதத்தில் வர வேண்டும். பயன்படுத்திய நீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலையில் அது போகும் திசை ஒன்றுதான், கீழே இருக்கிற ஊர்.

எனவே உங்கள் கேள்விக்கு விடை: குறைகிற ஊருக்கும் திட்டம் வேண்டும், ஆனால் எவரை எண்ணுவது என்பதை மாற்றிக்கொண்ட திட்டம் வேண்டும். அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்க இருக்கிறது. அதன் வீட்டுப் பட்டியலில் பூட்டிய வீடுகளின் எண்ணிக்கையும் கிடைக்கும். நீலகிரியைப் பொறுத்தவரை, மக்கள்தொகைப் பக்கத்தைவிட அந்தப் பக்கத்தை முதலில் புரட்ட வேண்டும் என்பேன்.

கேள்வி: எங்களுக்கு ஹட்டிக்குக் (படுகர் ஊருக்குக்) கீழே 40 சென்ட் தேயிலை உள்ளது. பட்டா, சிட்டா எல்லாம் அப்பா பெயரில் சுத்தமாக இருக்கின்றன. மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வீடு கட்ட நினைக்கிறோம். மேலே பெரிய ரிசார்ட் வருகிறது, எங்களுக்கு மட்டும் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். சொந்த நிலத்தில் வீடு கட்ட உரிமை இல்லையா?
— சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி வட்டம்

பட்டா உங்களுக்கு நிலத்தின் மீதுள்ள உடைமையைச் சொல்கிறது. அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்வது நில உபயோகமும் கட்டட விதியும். 1971ஆம் ஆண்டு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டப்படி திட்டப் பகுதிக்குள் எந்தக் கட்டுமானத்துக்கும் முன் அனுமதி தேவை. இதற்கு மேல், மலைப்பகுதிகளுக்கென 1990இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் ஒன்று ஏற்பட்டது. அலுவலகங்களில் அதை 'ஹாகா' என்பார்கள். கோடைக்கானல் வட்டமும் அதன் கீழ் வருகிறது. வனம், வருவாய், வேளாண் பொறியியல், புவியியல் மற்றும் சுரங்கம் என்று பல துறைகளின் தடையின்மைச் சான்று கேட்கப்படுவது இதனால்தான். 1993இல் வந்த மலை நகரக் கட்டட விதிகளின் 7 மீட்டர் உயர வரம்பையும், 1,500 சதுர அடி என்ற எல்லையையும் வீடு கட்டிய எவரும் நீலகிரியில் அறிவர். அளவு கூடக் கூடக் கோப்பும் மேலே மேலே ஏறும், 'ட்ரிபிள் ஏ கமிட்டி' என்று நாம் சொல்லும் அழகியல் குழு வரைக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அனுமதி அல்ல, 'ஹட்டிக்குக் கீழே' என்ற சொல்தான். பழைய ஹட்டிகள் பெரும்பாலும் குன்றின் முதுகில் உட்கார்ந்திருப்பதையும், சரிவையும் பள்ளத்தையும் பயிருக்கும் மாட்டுக்கும் விட்டிருப்பதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒரு சிறு கணக்கு சொல்கிறேன். உங்கள் நிலம் 30 பாகைச் சரிவு என்று கொள்வோம். புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) காணும் 40 சென்ட் என்பது கிடைமட்டப் பரப்பு. தரையில் செடி நிற்கும் பரப்பு அதைவிட ஆறு சென்ட் கூடுதலாக இருக்கும். படத்தில் சமமாகத் தெரியும் அந்த இடத்தில் 20 அடி அகலத்துக்குச் சமதளம் வேண்டுமென்று முழுவதையும் வெட்டினால், வீட்டின் பின்புறம் பதினொன்றரை அடி உயரத்தில் மண் நிற்கும். வெட்டிய மண்ணில் பாதியை முன்பக்கம் கொட்டிச் சமன் செய்தால் பின்சுவர் ஆறடியாகக் குறையும். ஆனால் வீட்டின் முன்பாதி கொட்டிய மண்ணில் நிற்கும். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று வீடு என்றால் ஒரே சரிவில் மூன்று வெட்டு, ஒன்றின் அடியை அடுத்தது அறுத்தபடி.

நம் பாறை வலுவானது. அதன் மேல் படிந்திருக்கும் சிதைந்த மண்ணோ பல இடங்களில் மிக ஆழமானது, நீர் குடித்தால் கனத்து வழுக்கக் கூடியது. 1993 நவம்பரில் குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே நடந்தது அதுதான். 2009 நவம்பரில் ஒரே மழையில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் அதுவே. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. சென்னை ஓராண்டில் பெறும் மழையில் பாதிக்கு மேல் அது. இத்தகைய நாளுக்குத்தான் வீட்டை வடிவமைக்க வேண்டும்.

ஆகவே, மூன்று தனி வீட்டுக்குப் பதிலாக, நிலத்தின் சரிவு குறைந்த மேல் மூலையில் படிப்படியாக இறங்கும் ஒரே கட்டடத்தில் மூன்று குடும்பம் இருக்க முடியுமா என்று ஒரு பொறியாளரிடம் கேளுங்கள். வெட்டுக்கு மேலே, நீரைத் திருப்பிவிடும் வடிகாலைச் சுவருக்கு முன்பாகவே அமையுங்கள். தாங்கு சுவரில் நீர் வடியும் துளைகளை விடுங்கள். அழகுக்காக அவற்றைப் பூசி அடைத்த சுவர்கள் எத்தனை சரிந்திருக்கின்றன என்று நான் எண்ணியதில்லை. ஆட்சியரின் அனுமதி இல்லாமல் ஜேசிபி வேண்டாம். இரவோடு இரவாக முடித்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ரிசார்ட்டைப் பற்றிய உங்கள் கசப்பு எனக்குப் புரிகிறது. ஒன்றை மட்டும் பாருங்கள்: அந்த நிலம் பெரிய எஸ்டேட்டிலிருந்து பிரிந்ததா? 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தில் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு விலக்கு உண்டு; அவை தோட்டமாக இருக்கும் வரைதான் அந்த விலக்கு. செடியைப் பிடுங்கிவிட்டு அறை கட்டினால் அந்த விலக்கின் அடிப்படையே போய்விடுகிறது. இதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி: திட்டத்தை முடிவு செய்வது நாங்கள் வாக்களித்த நகர்மன்றமா, சென்னையில் இருக்கும் அதிகாரிகளா?
— கல்லூரி மாணவி, குன்னூர்

அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்தது. அது சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையின் முதல் இரண்டு இனங்களே நகரத் திட்டமிடலும், நில உபயோக மற்றும் கட்டட ஒழுங்குமுறையும்தான். படித்தால் நகர்மன்றமே முடிவு செய்வது போலத் தோன்றும். ஆனால் மாநிலம் விரும்பினால் ஒப்படைக்கலாம் என்பதே அந்த அட்டவணையின் தன்மை. நடைமுறையில் நிற்பது 1971ஆம் ஆண்டுச் சட்டம்: உள்ளூர் திட்டக் குழுமம் வரைவைத் தயாரிக்கும், அரசின் இசைவு பெற்ற பிறகு மக்கள் கருத்துக்கு வெளியிடும், அரசே இறுதி ஒப்புதல் தரும். நகர்மன்றம் தீர்மானம் போடலாம், குழுமத்தில் பேசலாம். பேனா சென்னையில்தான் இருக்கிறது.

இதில் எனக்கு இரண்டு மனம். உள்ளூர் மன்றத்திடம் முழு அதிகாரமும் இருந்தால் மலை பிழைத்திருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. மேலிடத்தில் அதிகாரம் குவிந்திருந்ததால் பிழைத்தது என்றும் சொல்ல முடியாது. கோடைக்கானலில் ஒரு விடுதி விதிக்கு மேல் மாடிகள் எழுப்ப மாநில அரசே விலக்கு அளித்தது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குத் தொடுத்து, 1995இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற பிறகே அந்த மாடிகள் செல்லாதவை ஆயின.

கேள்வி: இ-பாஸ், வாகன எண்ணிக்கை வரம்பு என்று எங்கள் பிழைப்பில் கை வைக்கிறார்கள். நாலு இடத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டிக்கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
— சுற்றுலா வாடகை வண்டி ஓட்டுநர், கோடைக்கானல்

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் தொடங்கி ஜூன் வரையிலான சீசனுக்குக் கோடைக்கானலில் வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்றும், நீலகிரியில் 6,000, 8,000 என்றும் நீதிமன்றம் வரம்பு வகுத்தது. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் அந்த வரம்பு இல்லை. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது.

உங்கள் யோசனையை இடக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். ஒரு கார் நிற்கவும் திரும்பவும் சேர்த்து 25 சதுர மீட்டர் வேண்டும். 6,000 கார்களுக்கு 1,50,000 சதுர மீட்டர், அதாவது 37 ஏக்கர். கோடைக்கானல் ஏரியே ஏறத்தாழ 60 ஏக்கர்தான். ஏரியில் பாதிக்கு மேற்பட்ட பரப்பைச் சமதளமாக எங்கே தேடுவீர்கள்? மாடி மாடியாக அடுக்கினால் நிலம் மிச்சமாகும் என்பீர்கள். ஆனால் 7 மீட்டர் உயரத்தில் எத்தனை மாடி நிற்கும்? நிறுத்தம் கட்டினாலும், மூஞ்சிக்கல்லிலிருந்து ஏரி வரையிலான சாலை அகலமாகப் போவதில்லை. இடம் இருக்கிறது என்று தெரிந்தால் வண்டி கூடும், குறையாது.

மாறாக, வெளியூர்க் காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஊருக்குள் சுற்றுவதற்கு உள்ளூர் வண்டியையும் சிற்றுந்தையும் மட்டும் அனுமதித்தால் நீங்கள் இழப்பவர் அல்ல, பெறுபவர். அப்படி ஓர் ஏற்பாட்டை உங்கள் ஓட்டுநர் சங்கமே முன்வைத்தால் அதற்குத் தனி எடை உண்டு. வரம்பை எதிர்த்துக் கொடி பிடிக்கும்போது, அந்த வரம்பால் யாருக்கு வண்டிச் சவாரி கிடைக்கும் என்பதையும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: உதகை குதிரைப் பந்தய மைதானத்தை வாகன நிறுத்தமும் வணிக வளாகமும் ஆக்கினால் நகரத்துக்கு வருமானம்தானே?
— கடை உரிமையாளர், உதகமண்டலம்

ஆக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2024 ஜூனில் அரசு தன் வசம் எடுத்துக்கொண்ட அந்த 52 ஏக்கர், ஒரு காலத்தில் ஏரியின் பகுதி. ஜான் சல்லிவன் 1823 தொடங்கி அமைத்த ஏரி இன்று நீங்கள் காண்பதைவிடப் பெரிதாக இருந்தது. பந்தய மைதானம், பேருந்து நிலையம், சந்தைப் பகுதி எல்லாம் அதன் படுகையில் பின்னால் வந்தவை. கோடப்பமந்து கால்வாய் பொங்கும் நாளில் ரயில்வே பாலத்துக்கு அடியிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் தண்ணீர் நிற்கிறதே, அது வழி தவறி வந்த தண்ணீர் அன்று, தன் பழைய இடத்துக்கு வந்த தண்ணீர். நகரத்தின் நடுவே மழையை உறிஞ்சும் 52 ஏக்கர் மண் மிஞ்சியிருப்பது குதிரைகளின் புண்ணியம். அதில் கான்கிரீட் போட்டு வரும் வாடகையை, உங்கள் கடைக்குள் நீர் புகுந்தால் ஆகும் செலவோடு கழித்துப் பாருங்கள். முழுமைத் திட்டத்தில் அந்த இடத்துக்கு 'திறந்தவெளி' என்பதைத் தவிர வேறு நிறம் தீட்டக் கூடாது.

கேள்வி: என் அம்மா முப்பது ஆண்டு கொழுந்து பறித்தார். ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். நகரத் திட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு இடம் உண்டா?
— தோட்டத் தொழிலாளியின் மகள், குன்னூர் வட்டம்

அம்மா, இந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களால்தான் இந்த மாவட்டத்தின் மக்கள்தொகை வேகமாகக் கூடியது. அரசுத் தேயிலைத் தோட்டங்களும் அவர்களுக்காகவே தொடங்கப்பட்டன. தோட்ட முதலாளி, வேலையில் இருப்பவருக்கு வீடு தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் கடமையாக்கியது. வேலை முடிந்த பிறகு எங்கே போவது என்பதைப் பற்றி அது பேசவில்லை. அந்த இடைவெளியில்தான் ஓடையோரங்களிலும் செங்குத்துச் சரிவுகளிலும் தகரக் கூரைகள் எழுந்தன. மண் சரியும்போது முதலில் போகிறவையும் அவைதாம். ஆக்கிரமிப்பு என்ற ஒரே சொல்லில் ரிசார்ட்டையும் தகரக் கூரையையும் சேர்த்து எழுதும் அறிக்கைகளை நான் ஏற்பதில்லை.

திட்டத்தில் இடம் உண்டா என்றால், வரைபடத்தில் தரலாம். ஆனால் ஒரு கண்ணியைத் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் நிலத்தைப் பொதுத் தேவைக்கென்று திட்டத்தில் ஒதுக்கிவிட்டு, அறிவிப்பு வெளியான மூன்று ஆண்டுக்குள் அதைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவின்படி அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டுவிடும். நிதி இல்லாத ஒதுக்கீடு மூன்று ஆண்டில் உதிர்ந்துபோகும் வண்ணம்தான். எனவே தொழிலாளர் குடியிருப்புக்கு அரசு நிலத்தையே, சரிவு குறைந்ததாக, பள்ளிக்கும் பேருந்துத் தடத்துக்கும் அருகில் இருப்பதாகக் குறிக்க வேண்டும் என்று புல எண்ணோடு கேளுங்கள். மூடிக் கிடக்கும் பொதுத்துறை ஆலை வளாகங்களைப் பற்றிப் பேசும் எல்லோரும் அங்கே பூங்காவையும் திரைப்பட நகரத்தையும்தான் கற்பனை செய்கிறார்கள். வீட்டுக்கும் அங்கே சில ஏக்கர் கேட்பதில் தவறில்லை.

கூடலூரிலிருந்து ஜென்மம் (பரம்பரை நிலவுடைமை) நிலங்களுக்கான சட்டத்தின் 17ஆவது பிரிவு பற்றிக் கேட்ட இரு வாசகர்களுக்கு: 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முடிவாகாத அந்த நிலங்களின் உரிமை தீரும் வரை நில உபயோக நிறம் எதுவும் உங்களுக்குப் பயன் தராது. அது தனியாக எழுத வேண்டிய பொருள்.

கேள்வி: வில்பட்டிப் பக்கம் 5 சென்ட் மனை, ஏரியிலிருந்து பத்து நிமிடம் என்று விளம்பரம். வாங்கலாமா?
— வங்கி ஊழியர், திண்டுக்கல்

வாங்கும் முன் நேரில் போய், மழை பெய்யும் நாளில் பாருங்கள். மனைப்பிரிவு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்றதா, அந்தப் புல எண் ஹாகா பட்டியலில் உள்ள கிராமத்தைச் சேர்ந்ததா, முழுமைத் திட்டத்தில் அதன் உபயோகம் என்ன என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். 2016 அக்டோபர் 20க்குப் பிறகு ஒப்புதல் இல்லாத புதிய மனைகளைப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடையாக நிற்கிறது. 'விவசாய நிலமாகப் பதிவு செய்து தருகிறோம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பத்து நிமிடத்தை நான் நம்பவில்லை. மே மாத ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

கேள்வி: வரைவுத் திட்டம் வெளியானால் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் எழுதினால் யார் படிப்பார்கள்? எப்படி எழுதுவது?
— மகளிர் குழு உறுப்பினர், உதகை வட்டம்

படிப்பார்கள், படிக்கும்படி எழுதினால். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26ஆவது பிரிவு ஆட்சேபத்துக்கும் யோசனைக்கும் குறைந்தது இரண்டு மாத காலம் தருகிறது. அந்த இரண்டு மாதத்தில் முதல் மாதம் செய்தி தெரியாமலே கழிந்துவிடும் என்பதால், அறிவிப்பு வருகிறதா என்று நகராட்சிப் பலகையையும் நாளிதழ்களையும் யாரேனும் ஒருவர் கவனித்துவருமாறு உங்கள் குழுவிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

'எங்கள் ஊரைக் காப்பாற்றுங்கள்' என்று இருநூறு பேர் கையெழுத்திட்ட மனுவை ஒரே ஆட்சேபமாகக் கருதி ஒரே வரியில் பதில் எழுதி முடித்துவிடலாம். நானே அப்படி முடித்திருக்கிறேன், இன்று அதற்காக வெட்கப்படுகிறேன். ஆனால் இன்ன புல எண்ணில், இன்ன உட்பிரிவில், ஊற்று ஒன்று உள்ளது, அதன் நீரை இன்ன தெரு குடிக்கிறது, அதை வணிகப் பகுதியாகக் காட்டியிருப்பது பிழை என்று ஒருவர் மட்டும் எழுதினாலும் அதற்குத் தனியாகப் பதில் எழுதியே ஆக வேண்டும். கள ஆய்வு இல்லாமல் அதற்குப் பதில் எழுதுவது கடினம். ஒரு கடிதத்தில் ஓர் இடம் மட்டும் போதும். புலப்பட நகலை இணையுங்கள். ஓடை எங்கே ஓடுகிறது, முன்பு எங்கே மண் சரிந்தது என்பதை அதன் மேல் சிவப்புப் பேனாவால் வரையுங்கள். பெயர் தெரியாத ஓடைகளுக்கு ஊரில் வழங்கும் பெயரை எழுதுங்கள். வருவாய்ப் பதிவேட்டில் இல்லாத ஓடையை வரைபடத்தில் ஏற்ற அதுவே முதல் சான்றாக அமையும்.

நகரப் பகுதியில் வசிப்பவர்கள் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்த பகுதி சபாவிலும் (வார்டுக்குள் பகுதிவாரியாகக் கூடும் மக்கள் கூட்டம்) இதைத் தீர்மானமாக்கி, அதன் நகலைச் சேர்க்கலாம். நேரில் கொடுத்தால் ஒப்புகை முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையைக் கடிதத்தின் நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். நிழற்படம் எடுப்பவர்கள் வெயில் நாளில் எடுக்க வேண்டாம். நவம்பர் மழையில், தேதி பதியும்படி, ஓடையில் தண்ணீர் ஓடும்போது எடுங்கள்.